யாரும் குளிக்காத குளம்

குளத்தின் வெள்ளை ஓடுகளில், தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே, நான்கு பக்கமும் சுற்றிக்கொண்டு ஒரு கோடு ஓடியிருந்தது. நேற்று மாலை அது இல்லை. பெரிய குடும்பம் ஒன்று முறைபோட்டுக் குளித்துவிட்டுப் போனபின் தொட்டியில் படிந்து நிற்குமே, சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, நடுநடுவே முடி ஒட்டிக்கொண்டு, அந்தக் கோடு.

குலசிங்கம் குனியவில்லை. குனிவது அவர் உத்தியோகத்துக்கு ஏற்றதல்ல. விளக்கை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையிலிருந்த குடையின் நுனியால் கோட்டைச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். உடனே கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். வேர்வை நாற்றம் என்றால் விட்டுவிடலாம். இது வேர்வைக்கும் அடியில் இருக்கும் நாற்றம்: பல நாள் கழற்றாத துணி, ஈறு அழுகிய வாய், ஆறாத புண்ணின் கட்டை அவிழ்க்கும்போது குப்பென்று எழும்பும் அந்த இனிப்பு வாடை. வயிற்றிலிருந்த மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி தொண்டைவரை வந்து, அவர் கட்டியிருந்த டையைப் பார்த்து மரியாதையாகத் திரும்பிப் போயிற்று.

மணி ஏழரை. கும்மிருட்டு. ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து அதற்குச் சியோனான் என்று பெயர் வைத்த கையோடு ஊர்க் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சூரியனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை. அது பழையபடி தன் நேரத்துக்கே வந்தது. அதனால் ஊர் இருட்டில் எழுந்து, இருட்டில் பல் தேய்த்து, இருட்டில் வேலைக்குப் போனது. சியோனானில் காலை என்பது கடிகாரத்தில் மட்டும் இருந்தது.

நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் விளங்காத விஷயம் வேறு. அந்தக் குளத்தில் யாருமே குளிப்பதில்லை.

புக்கித் தீமா பக்கத்துக் குன்றின்மேல் பங்களாவையும் குளத்தையும் கட்டிய வெள்ளைக்காரத் துரை ஒரு ரப்பர் கம்பெனியின் மேனேஜர். அவர் அதில் இறங்கிப் பார்த்தவர் இல்லை. உட்கார்ந்து விஸ்கி குடிக்க ஒரு கரை வேண்டும், கரை இருக்கவேண்டுமானால் குளம் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய நீச்சல். அவர் சிறைமுகாமுக்குப் போனபின் பங்களாவை எடுத்துக்கொண்ட கேப்டன் மொரிதாவுக்கு நீந்தவே தெரியாது. பகைவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்த ராணுவ ரகசியம் அது. தினமும் மாலையில் நீச்சல் உடுப்போடு, அதற்குமேல் வாளும் கட்டிக்கொண்டு வந்து, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீரைக் கடுமையாக முறைத்துவிட்டு எழுந்துபோவார். தோற்றுப்போனவனின் குளம் தன் காலடியில் கிடக்கவேண்டும், கிடந்தால் போதும்.

அந்தக் குளத்தைக் கிடத்தி வைப்பதுதான் குலசிங்கத்தின் வேலை. அவர் துரையின் கம்பெனியில் தலைமை எழுத்தராக, ஊர்ப்பேச்சில் கிராணியாக, இருந்த யாழ்ப்பாணத்து மனிதர். ஜப்பானியப் பட்டாளம் குன்றேறி வந்த அன்று பங்களாச் சாவிக்கொத்தோடு வாசலில் நின்று, எப்படிக் குனியவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே குனிந்தவர். அந்தக் குனிவுக்குக் கிடைத்த உத்தியோகம் இது. பம்பு வீட்டுக் கதவில் 'சூப்ரின்டென்டன்ட்' என்று தானே ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார்.

வீட்டுக்குள் குளம் வைத்திருப்பது, படுத்த படுக்கையான பணக்கார மாமனாரை வைத்திருப்பது போல. ஒருநாள் துடைக்காவிட்டால் நாறும். முன்பு இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகக் குளோரின் தூள் வந்தது. பம்பு இரைந்துகொண்டு மணல் வழியாகத் தண்ணீரை வடித்தது. தூள் தீர்ந்தது, பம்பு செத்தது. இப்போது தேக்கா மார்க்கெட்டில் தேடிப்பிடித்த படிகாரமும், சுண்ணாம்பும், தேங்காய்நாரும், மனித முழங்காலும்தான் மிச்சம். இரண்டு நாள் விட்டால் ஓடுகளில் பச்சை வழுக்கல். மூன்றாம் நாள் கொசுப்புழு. பிறகு தவளை, தவளை முட்டை, வௌவால் எச்சம், ஒருமுறை ஊதி வெடித்த உடும்பு. தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி நிரப்பினால், குன்றடியில் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளின் ஒற்றைக் குழாய் வறண்டுபோகும். குடிக்கிற தண்ணீர் முழுக்க மேலேறி வந்து, யாரும் குளிக்காத குளத்தில் படுத்துக்கொள்ளும்.

"முத்தாயி! ஆர் இதுக்குள்ள இறங்கினது?"

கூலி லைனில் இருந்து ஏறி வந்துகொண்டிருந்த முத்தாயி, குளம் தேய்ப்பவள், வாளியைக் கீழே வைத்தாள். "யாரும் இறங்கல ஐயா. நேத்து சாயந்தரம் தேய்ச்சிட்டுத்தானே போனேன். நீங்கதான் நின்னு பாத்தீங்க."

"அப்ப இது என்ன?"

அவள் எட்டிப் பார்த்தாள். குனிந்து, விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்து உருட்டினாள். குலசிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மனுச அழுக்கு" என்றாள்.

சமையற்கட்டு வாசலில் பல் குத்திக்கொண்டிருந்த ஒலி முகம்மது, கேப்டனின் சமையற்காரர், குரல் கொடுத்தார். "தவளை குளிச்சிருக்கும் கிராணியாரே. மனுசனுக்குத்தான் சோப்பு இல்ல, தவளைக்குக் கூப்பன் குடுத்திருப்பாங்க லா."

"கிராணி எண்டு சொல்லாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? சூப்ரின்டென்டன்ட்."

"வாயில நுழைய மாட்டேங்குது. அம்மாம் பெரிய பேரு நுழையணும்னா அதுக்குத் தகுந்த சோறு உள்ள போகணும்."

முத்தாயி தேய்த்தாள். கோடு போயிற்று. மறுநாள் இருட்டில் விளக்கைத் தூக்கிப் பார்த்தபோது திரும்பி வந்திருந்தது. அகலமாக, தடித்து, பாலாடைபோல் சுருங்கி. அதற்கு அடுத்த நாளும்.

செவ்வாய்க்கிழமை மாலை, தேய்த்து முடிவதற்குள், கேப்டன் மொரிதா அதைப் பார்த்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக எழுந்து, வாளின் உறையால் கோட்டை ஒரு தட்டுத் தட்டினார். அதில் ஒரு கற்றை நரைமுடி ஒட்டிக்கொண்டு வந்தது.

"கூலி குளிக்கிறான்" என்றார் அவருடைய ஆங்கிலத்தில்.

"நோ, சார். யாரும்..."

"ஞாயிறு, ஜெனரல் வருகிறார். குளம் கண்ணாடி." வாளுறை குலசிங்கத்தின் டையில் வந்து நின்றது. முடிக்கற்றையை அங்கே பொறுமையாகத் துடைத்தது. "கண்ணாடி இல்லை என்றால், யூ. டிரெயின். சயாம்."

குலசிங்கம் இடுப்பிலிருந்து வளைந்தார். வளைந்த நிலையில் டையிலிருந்த முடி மூக்குக்கு மிக அருகில் தொங்கியது.

சயாம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தபோது, இந்தப் பங்களாவிலிருந்து யார் யார் போகவேண்டும் என்று கை நீட்டிக் காட்டியவரே அவர்தான். முத்தாயியின் புருஷன் சிவமணியும் அவனோடு குளம் தேய்த்த மற்ற ஆண்களும் போனார்கள். "மூண்டு மாசம், வயிறு நிறையச் சோறு, காசில்லாத ரயில்" என்று தேன் தடவி அனுப்பினார். அவர்கள் போகாவிட்டால் எண்ணிக்கைக்கு அவர் போகவேண்டியிருக்கும். அலுவலகக் கணக்கு அப்படித்தான். போனவர்களில் யாரும் திரும்பவில்லை. வேறெங்கிருந்தோ போய்த் திரும்பிய ஒருவனைப் போன மாதம் தேக்கா மார்க்கெட் மூலையில் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சதை திறந்து, உள்ளே எலும்பு வாழைத்தண்டுபோல் தெரிந்தது. ஈக்கள் அதை மூடி ஒரு கறுப்புக் காலுறை போட்டுவிட்டிருந்தன. குலசிங்கம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீதியின் மறுபக்கம் போனார்.

புதன்கிழமை குளத்தைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வடிய வடிய அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, முதியவர் கஞ்சி உறிஞ்சுவதுபோல. கடைசியில் ஆழமான மூலையில் கணுக்காலளவு சேறு நின்றது. வழக்கமான பச்சைச் சேறு அல்ல. மஞ்சள் களிமண். பங்களாவைச் சுற்றி எங்கே தோண்டினாலும் செம்மண்தான். இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. அதன் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளைத் தாள்கள் போல் ஏதோ மிதந்தன. முத்தாயி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தோல். வெயிலில் உரியும் தோல் அல்ல, கொப்புளத்தின்மேல் இருக்கும் தோல், ரேகைகளோடு.

"போடு அதை! கீழை போடு!"

அவள் போடவில்லை. பக்கத்தில் கழுவி வைத்திருந்த ஓட்டின்மேல் அதைப் பரப்பி வைத்தாள், ஈரத்துணி காயப்போடுவதுபோல. பிறகு வடிகால் வாயை அடைத்துக்கொண்டிருந்ததைக் கைவிட்டு இழுத்தாள். முடி வந்தது. முடியோடு பின்னிக்கொண்டு, ஊறி, உப்பி, கறுப்பாகக் கயிறுகள் வந்தன. அரைஞாண் கயிறுகள்.

வெள்ளைக்காரன் அரைஞாண் கட்டுவதில்லை. ஜப்பான்காரனும் கட்டுவதில்லை.

முத்தாயி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றில் சின்னத் தகரத் தாயத்து இருந்தது. அவள் அதைச் சேலையில் துடைத்தாள். கயிற்றின் முடிச்சைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது எம்புருசனோடது ஐயா. இந்த முடிச்சு நான் போட்டது."

"விசர்க்கதை கதையாதை. கறுப்புக் கயிறு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"அன்னிக்குக் குளிச்சிட்டுப் போறோம்னு கேட்டாங்கல்ல ஐயா" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வந்த அந்த நாள் குலசிங்கத்துக்கு நினைவிருந்தது. அன்று குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. ஆகவே கூலி லைனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையெல்லாம் குளத்துக்குள் நின்று வழுக்கல் தேய்த்த ஆட்கள், மேலெல்லாம் பச்சை அப்பிக்கொண்டு, லாரி ஏறுமுன் ஒரே ஒரு முழுக்குப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். தூர தேசம் போகிறவன் தலை நனையாமல் புறப்படலாமா என்று சிவமணிதான் கேட்டான். குலசிங்கம் திகைத்துப்போனார். அந்தக் குளத்திலா? இவர்களா? கேப்டன் மனத்தில் அந்தத் தண்ணீர் யாருக்கு உரியதோ, குலசிங்கத்தின் மனத்தில் அது இவர்களுக்கு உரியதல்ல என்பது மட்டும் நிச்சயம். தொட்டால் அவரே வீட்டுக்குப் போய்த் தலைமுழுகவேண்டிய ஆட்கள். "உங்கட ஊத்தையைக் கழுவ இதென்ன கேணியோ?" என்று லாரியைக் காட்டினார். பச்சை உடம்பிலேயே காய்ந்து வெடிக்க அவர்கள் ஏறினார்கள். குளத்தைக் காப்பாற்றிய அந்தக் கண்டிப்பை அவர் அன்றிரவு மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னார்.

முத்தாயி தாயத்துக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள்.

அன்று மாலை நோரிஸ் ரோட்டு வீட்டுக்குள் குலசிங்கம் நுழைந்ததும் மனைவி இரஞ்சிதம் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இதென்ன மணம் இது? மாட்டுக்கொட்டிலுக்கை விழுந்து எழும்பினியளோ?"

"குளம் கழுவினது."

"நீங்கள் நிண்டு பாக்கிறதெண்டுதானே சொன்னியள்? பாத்ததுக்கே இந்த மணமோ? கிணத்தடியிலை போய்க் குளிச்சுப்போட்டு உள்ளை வாங்கோ."

குளித்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். வேப்பிலை அரைத்துத் தேய்த்தார். நாற்றம் அவர்மேல் இல்லை, மூக்குக்குள் இருந்தது; மூச்சு விடும்போதெல்லாம் உள்ளிருந்து வந்தது. இரஞ்சிதம் வைத்த கிழங்குக் களியை விரலால் தொட்டதும் அதன் கொழகொழப்பு கோட்டை ஞாபகப்படுத்த, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வேண்டாமெண்டு விட்டுட்டு வாங்கோ" என்றாள் அவள்.

"விட்டா சயாம்."

"பலகை எழுதி மாட்டினாலும் ஊத்தை அள்ளுறது ஊத்தை அள்ளுறதுதான்" என்று முனகிக்கொண்டே தட்டை எடுத்துப் போனாள். பிறகு சமையலறையில் அவள் மெதுவாக அழும் சத்தம் கேட்டது. சயாம் என்ற சொல் அந்த வருஷம் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் அப்படித்தான் கேட்டது.

குழாயைத் திறந்து குளத்தை நிரப்பினார்கள். மூலைக்கு மூலை படிகாரம் கட்டித் தொங்கவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை தண்ணீர் தெளிந்து, அடியிலிருந்த ஓட்டின் கீறல்கூடத் தெரிந்தது. குலசிங்கம் வீட்டுக்குப் போகவில்லை. யார் இறங்குகிறார்கள் என்று கையும் மெய்யுமாகப் பிடித்துவிடுவது என்று பம்பு வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குள் இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது, குளிக்கிறவன் எவனாவது ஒரு கூலியாக இருப்பான், அவனைக் கேப்டனிடம் கொடுத்துவிடலாம் என்று. இதுவரை அவருக்கு வந்த சங்கடங்கள் எல்லாவற்றுக்கும் அந்த மருந்து கேட்டிருக்கிறது.

கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது பங்களாக் கடிகாரம் காலை ஏழு அடித்துக்கொண்டிருந்தது. இருட்டு. மரவள்ளிச் செடிகளின் இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், எங்கோ ஒரு தவளை, ஈரச் சுண்ணாம்பின் வாசனை, அதற்கடியில், மிக மெல்லிசாக, அந்த இனிப்பு. பிறகு யாரோ கை நிறையத் தண்ணீர் அள்ளித் தலையில் விட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. இன்னொருவர். தண்ணீர் தோளில் விழுந்து முதுகில் வழிந்து மறுபடி தண்ணீரில் விழும் சத்தம். வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம். நாக்கு வழித்துக் குமட்டும் சத்தம். ஒருவர் மூக்கைச் சிந்தி விரலை ஓட்டில் துடைத்தார். ஒருவர் அடிவயிற்றிலிருந்து தோண்டி எடுப்பதுபோல் காறினார், நீளமாக, நிதானமாக, கடைசிச் சளிவரை விடாமல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தத் தமிழனுக்கும் தெரியும். வேலைக்குப் போகுமுன் ஆம்பிளைகள் குழாயடியில் குளிக்கும் சத்தம். பேச்சு மட்டும் இல்லை.

குடையை எடுத்தார். விளக்கைத் தூண்டினார். கதவைத் திறந்தார்.

சத்தம் நின்றது. எல்லாம் ஒரே சமயத்தில்.

தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. பலர் ஏறிப்போன தண்ணீர் போல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மோதி மோதி ஆடியது. கரையில் காலடி இல்லை. ஓடு காய்ந்திருந்தது. யாரும் ஏறிப்போகவில்லை.

விளக்கைத் தாழ்த்தினார். தண்ணீரின் மேல் சளிக்கட்டிகள். மஞ்சள். இளஞ்சிவப்பு நரம்போடு. மெல்லச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தன.

ஓட்டில் கோடு. உள்ளங்கை அகலம்.

அவர் காலடியில், மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். இடம் விடச் சொல்வதுபோல.

குலசிங்கம் ஓடினார்.

விடிந்து கேப்டன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வராந்தாவில் குனிந்து நின்று, மூச்சு வாங்க, குளத்தில் குளிப்பது யார் என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். முத்தாயியைக் கைகாட்டினார். சொல்லும்போதே வயிற்றில் ஒரு சுகம் பரவியது. பழக்கமான வேலையைச் செய்கிற சுகம்.

சயாமுக்குப் பெண்களையும் எடுத்தார்கள். நடுப்பகலில் லாரி வந்தது. முத்தாயி வாளியைக் கவிழ்த்து வைத்தாள், தேங்காய்நாரை அதன்மேல் வைத்தாள். கைகளில் முழங்கைவரை சுண்ணாம்பும் கொழுப்பும் அப்பியிருந்தன.

"தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துரட்டுமா ஐயா?" என்று கேட்டாள்.

லாரியோடு வந்த சிப்பாய் கடிகாரத்தைப் பார்த்தான். குலசிங்கம் சிப்பாயைப் பார்த்தார்.

"நேரமில்லை" என்றார்.

லாரி குன்றிறங்கிப் போனது. அதற்குப் பிறகுதான் கோட்டைத் தேய்க்க ஆளில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஒலி முகம்மதைக் கூப்பிட்டார். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"நான் சமையக்காரன். கை நாறுனா கறி நாறும், கறி நாறுனா கேப்டன் என் தலையை எடுப்பான்." பிறகு வழக்கமான கேலி இல்லாமல், தணிந்த குரலில் சொன்னார்: "அந்தப் பொம்பளைய அனுப்பியிருக்க வேணாம் கிராணியாரே. அல்லாவுக்கே அடுக்காது."

குலசிங்கம் டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கரையில் முழங்காலிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த அழுக்கில் கை வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க நகக்கண்ணுக்குள் போயிற்று. முடி விரல்களைச் சுற்றிக்கொண்டது. இரண்டுமுறை மரவள்ளிச் செடிக்கடியில் வாந்தியெடுத்துவிட்டு வந்து தேய்த்தார். நாலு பக்கமும் முடிந்தபோது மாலையாகியிருந்தது, கைகள் யாருடையவோபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

ஞாயிறு காலை கோடு இல்லை.

அவர் நம்பவில்லை. நாலு பக்கமும் சுற்றி வந்தார், குனிந்தே சுற்றி வந்தார். ஓடுகள் பல் வரிசைபோல் வெள்ளையாக இருந்தன. தண்ணீர் அசையாமல், தண்ணீர் இருக்கிறது என்பதே தெரியாமல் கிடந்தது. நாற்றமும் இல்லை. முத்தாயி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். உண்மையிலேயே அவள்தான் குளித்திருக்கவேண்டும் என்றுகூட, நல்ல வெயில் அடிக்க அடிக்க, அவருக்குத் தோன்றத் தொடங்கியது. டையைக் கட்டிக்கொண்டார்.

ஜெனரல் உச்சிவெயிலில் வந்தார். குட்டையான, தூக்கக் கலக்கமான மனிதர். கூடவே அதிகாரிகள், புகைப்படக்காரர், கண்ணாடி போட்ட ராணுவ டாக்டர். கேப்டன் மொரிதா குளத்தைத் தானே வெட்டியதுபோல் கை வீசிக் காட்டினார். ஜெனரல் பார்த்தார். தலையசைத்தார். ஏதோ கேட்டார். கேப்டனின் முகம் வெளுத்தது. பிறகு டாக்டர் குலசிங்கத்திடம் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஜெனரல் நீந்த விரும்புகிறார். இந்தத் தண்ணீரில் கடைசியாக யார் குளித்தது?"

"யாருமில்லை, சார். யாரும் குளிப்பதில்லை, சார்."

"அப்படியானால் நல்ல தண்ணீர் என்று எப்படித் தெரியும்?" டாக்டர் புன்னகை செய்தார். "நீ இறங்கு."

கேப்டன் வாளுறையால் படிகளைக் காட்டினார். அவர் வாயைத் திறக்காமலே குலசிங்கத்துக்கு ரயில் சத்தம் கேட்டது.

சூப்ரின்டென்டன்ட் எல்லார் முன்னிலையிலும் மேல்கோட்டைக் கழற்றினார், டையைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார். இரண்டு வருஷக் கிழங்குச் சாப்பாட்டில் தொப்பை கரைந்து, அதன் தோல் மட்டும் காலிப் பைபோல் இடுப்பில் தொங்கியது. அதிகாரிகள் சிரித்தார்கள். புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். உள்ளுடையோடு படிகளில் இறங்கினார்.

தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை. உடம்புச் சூடு. பலர் நெருக்கமாக உட்கார்ந்து எழுந்த பெஞ்சின் சூடு. இடுப்பு வந்தது. மார்பு வந்தது. கரையில் கைதட்டினார்கள். வெயில் கண்ணைக் கூசியது. அவர் நடுவில் நின்று கைகூப்பினார்.

முதுகில் ஒரு கை பட்டது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அந்தக் கையில் தேங்காய்நார் இருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை ஒரு இழுப்பு. மெதுவாக. ஒழுங்காக. குளிக்கிற இடத்தில் பக்கத்திலிருப்பவன் முதுகைத் தேய்த்துவிடுவது ஒரு மரியாதை. தன் கைக்கு எட்டாத அழுக்கை இன்னொருவன்தான் எடுக்கவேண்டும். இன்னொரு கை சேர்ந்தது. இன்னொன்று.

குனிந்து பார்த்தார். தண்ணீர் கண்ணாடி. அடியில் அவருடைய இரண்டு பாதங்கள். அவற்றைச் சுற்றி, நெருக்கமாக, வரிசைக்கு மேல் வரிசையாக, வேறு பாதங்கள். கணுக்காலுக்கு மேல் சதை இல்லாதவை. வாழைத்தண்டு வெள்ளை. காய்ந்த பச்சையும் மஞ்சள் களிமண்ணும் இன்னும் ஒட்டியவை. ஒரு ஓரத்தில் பெண்ணின் பாதங்கள் இரண்டு. சுண்ணாம்பு படிந்து, இன்னும் சதையோடு.

தண்ணீருக்கு மேலே வெயில். யாருமில்லை.

நார் ஆழமாக இழுத்தது. தோல் போனது தெரிந்தது. எரியவில்லை முதலில். பிறகு எரிந்தது. கத்துவதற்கு வாய் திறந்தது.

"எப்படி?" என்று கரையிலிருந்து டாக்டர் கேட்டார். "தண்ணீர் நன்றாக இருக்கிறதா?"

ஜெனரல் பித்தான்களைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார். கேப்டன் மொரிதாவின் கை வாளின் பிடியில் இருந்தது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இல்லை என்றால் சயாம்.

"வெரி குட், சார்" என்றார் குலசிங்கம்.

சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். மறுபடி கைதட்டல். எதிரே வெள்ளை ஓட்டில் ஒரு கோடு, சாம்பல் நிறத்தில், அவர் கண்ணெதிரே, மெல்ல உருவாகி இடமும் வலமுமாக நீண்டது. அதில் ஒட்டியிருந்த முடி அவருடையது. நார் எலும்பின்மேல் ஓடும் சத்தம் அவருக்குள்ளிருந்து கேட்டது. ஓடு தேய்க்கும் அதே சத்தம்.

"வெரி குட், சார். வெரி குட்."

கைகள் நின்றன.

முதுகு முடிந்துவிட்டது. யாரோ அவர் தோளைத் தொட்டார்கள். மரியாதையாக, அவசரமில்லாமல், முன்பக்கம் தேய்ப்பதற்கு வாகாக அவரைத் திருப்பினார்கள்.